அஸருக்குப் பிறகு ஒரு ஹங்கேரி ஆட்டம்

எனக்குப் பொறாமை அதிகம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் உயரம் இவ்வளவு, நிறம் இப்படி என்று சொல்வதைப்போல ஒரு விபரமாகத்தான் சொல்கிறேன். கல்முனை மெயின் வீதியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் இன்னொருவன் டைல்ஸ் கடை திறந்தபோது பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கடைக்குக் கண்ணாடிக் கதவு, என் கடைக்குத் தகரக் கதவு. என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு இந்த வயதிலும் தலைமுடி கொட்டவில்லை என்பதே எனக்குள் கிடந்து கிண்டும். அப்படிப்பட்ட நான்கூட ஒரு பாட்டின் மேல், அதுவும் ஒரு சொல்கூட இல்லாத வெள்ளைக்காரப் பாட்டின் மேல், வயிறெரிவேன் என்று நினைத்ததில்லை.

கரண்ட் இல்லாத ஒரு நாளில் அது தொடங்கியது. டைல்ஸ் வெட்டும் மெஷின் ஓடாது, கடையில் இருந்து ஈ ஓட்டுவதை விட வீட்டுக்குப் போவது மேல் என்று, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கல்முனைக்குடிக்கு வந்தேன். அந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வருகிற வழக்கமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பியானோச் சத்தம் கேட்டது. மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன். கண் மூடியிருந்தது. இரண்டு கைகளாலும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பாட்டு பாரமாகத் தொடங்கியது. மணலில் தோணி இழுக்கிறவர்கள் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு இடத்தில் நின்றே விட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அவளுடைய கைகள் மேசைக்கு மேலே அந்தரத்தில் நின்றன. பிறகு பாட்டு ஓடத் தொடங்கியது. அவள் கைகளும் ஓடின. அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. பிள்ளைகள் ஏதாவது சேட்டை செய்தால் சிரிக்கிற சிரிப்பு வேறு, என் வீட்டார் வந்தால் சிரிக்கிற சிரிப்பு வேறு. இது எனக்குக் காட்டாத ஒன்று.

நான் தொண்டையைச் செருமினேன். அவள் போனை நிறுத்தினாள்.

"என்ன பாட்டு?"

"சும்மா."

"சும்மா எண்டா?"

"உங்களுக்குச் சத்தம் புடிக்காதுதானே. அதான் நிப்பாட்டின."

உண்மைதான். பகல் முழுக்க டைல்ஸ் வெட்டுகிற சத்தத்தைக் கேட்கிறவனுக்கு வீட்டில் சத்தம் ஆகாது. ஆனால் நான் கேட்டது அதையல்ல. இந்தப் பெண் 'சும்மா' என்று சொன்னால் அதற்குக் கீழே ஏதோ இருக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் கண்டது. ஒட்டின டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் கீழே சீமெந்து பிடிக்காத இடம் பொள்ளென்று சத்தம் போடும். அவளுடைய 'சும்மா' அப்படித்தான் கேட்டது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் நிலைமை விளங்காது. இங்கே மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போய் இருப்பது. வீடு பொண்ணுக்குச் சீதனம். சாய்ந்தமருதில் நான் பிறந்து வளர்ந்த வீடு என் தங்கச்சிக்குப் போனது. கல்முனைக்குடியில் நான் இருக்கிற வீடு என் மனைவியினுடையது. அதாவது, ஊருக்கே தரை போட்டுக் கொடுக்கிற எனக்கு என் பேரில் ஒரு தரை இல்லை. இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது அவள்தான். அவள் மனதில் வேறு யாராவது இருந்தால் நான் வெறும் விருந்தாளி.

பக்கத்து வளவு அவளுடைய கூடப்பிறந்த ராத்தாவின் வீடு. ராத்தாவின் மாப்பிள்ளை, என் சகலன், பேங்கில் வேலை செய்கிறவன். தன் விறாந்தைக்கு என் கடையில் டைல்ஸ் எடுத்தான். பதித்தவன் செய்த பிழையால் நாலைந்து டைல்ஸ் கிளம்பிவிட்டது. அதற்கு அவன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரம் பார்த்து, "மச்சான்ட டைல்ஸ்ல நடக்கக்குள்ள பிஸ்மி செல்லித்தான் கால வெக்கணும்" என்று சொல்லிச் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சொன்னேன்: "அந்த ஊட்டோட இனிக் கதை பேச்சு இல்ல."

"நானும் கதைக்கப்படாதா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒருத்தரும் கதைக்கப்படாது. அந்த ஊட்டுக் கதைய இங்க எடுக்கவும் படாது."

"ஓம்" என்றாள். சொன்ன சொல்லை மீறுகிறவள் அல்ல. அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று துணி காயப்போடுவார்கள், ஒரு சலாம்கூடச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். என் சொல்லுக்கு என் மனைவியிடம் இருந்த மதிப்பைக் கண்டு எனக்குத் திருப்தியாக இருந்தது. அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இப்போது என்னைக் குடைந்தது இந்தப் பாட்டு.

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொல்கிறவர்கள் மிரளாதவர்கள். நான் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு அஸர் நேரங்களில் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். ஒரு நாள் மருந்துக் குளிசையை மறந்துவிட்டேன், ஒரு நாள் கண்ணாடியை மறந்துவிட்டேன். வந்தால் நேரே உள்ளே போவதில்லை. குளியலறைப் பக்கத்தால் சுற்றி, குசினி யன்னலுக்கு வெளியே நிற்பேன். சொந்த வீட்டில் கள்ளனைப்போல நிற்பது ஒரு மாதிரித்தான் இருந்தது. பிறகு அது என் வீடே இல்லையே என்று நினைவு வரும். அதில் கோபம் இன்னும் கூடும்.

அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இழுவை, நிற்பு, ஓட்டம். நடுவில் கொஞ்சம் வெளிச்சம் வந்த மாதிரி ஒரு துண்டு, அங்கேதான் அவள் சிரிப்பாள். பிறகு மறுபடி அந்தப் பார இழுவை. கடையில் பில் எழுதும்போது என் விரலே அந்தக் கணக்கில் தட்டும். தட்டுகிற விரலை நானே முறைத்துப் பார்ப்பேன்.

ஒரு நாள் யன்னலுக்கு வெளியே நிற்கும்போது வேறொன்று கேட்டது. போனில் பாட்டு இல்லை. மனைவி மேசையைத் தட்டுகிறாள், போனுக்குள்ளிருந்தும் தட்டுகிற சத்தம் வருகிறது. அங்கே யாரோ மேசையைத் தட்டுகிறார்கள். இவள் தட்டுகிறாள், அங்கேயிருந்து தட்டு வருகிறது, இவள் நிறுத்திக் காத்திருக்கிறாள், அங்கே ஓடுகிறது, இவள் பிந்திப் பிடிக்கிறாள், பிழைத்துவிடுகிறது, சிரிக்கிறாள். மறுபடி முதலில் இருந்து. ஒரு ஹலோ இல்லை, ஒரு சொல் இல்லை.

கள்ளத்தனமாகக் கதைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கள்ளத்தனமாகக் கதைக்காமல் இருப்பவர்களை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆள் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் மனைவிக்கு மாமி மகன் ஒருவன் இருக்கிறான். எனக்கு முதல் அவனைத்தான் அவளுக்குப் பேசினார்கள். ஏதோ காரணத்தால் சரிவரவில்லை. இப்போது கட்டாரில் இருக்கிறான். கலியாண வீடுகளுக்கு வந்தால் அவன் போன பிறகும் அத்தர் வாசம் கதிரையில் உட்கார்ந்திருக்கும். இளவயதில் கிட்டார் வைத்திருந்தான் என்று யாரோ சொன்னதும் ஞாபகம் வந்தது. நமக்கு அஸர் என்றால் அவனுக்கு அங்கே பகல் சாப்பாட்டு நேரம். எல்லாம் பொருந்தியது. பொறாமைக்காரனுக்கு எல்லாம் பொருந்தும், அது அந்த நோயின் குணம். ஆனால் நெருப்பில்லாமல் புகையாது என்றும் ஒரு சொல் இருக்கிறதே.

பாட்டைப் பற்றி முதலில் அறிய வேண்டும் என்று நினைத்தேன். அவள் மறுபடி பாட்டைப் போட்ட நேரம், யன்னலுக்கு வெளியே நின்று என் போனில் அதைப் பதிந்துகொண்டேன். இடையில் காகம் கத்தியது, மீன்காரனின் ஹோர்ன் சத்தமும் விழுந்தது. பரவாயில்லை.

அந்தக் கிழமை கடைக்கு ஒரு சேர் வந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் ஓர்கன் வாசிக்கிறவர். புது பாத்ரூமுக்கு டைல்ஸ் தேடிக்கொண்டிருந்தார். நாலு நாளாக வந்து எல்லா டைல்ஸையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போகிற ஆள். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி எடுப்பித்து, போனை நீட்டினேன்.

"சேர், இது என்ன சாமான்?"

அவர் காதில் வைத்தார். முகம் மலர்ந்தது. "அட, ஹங்கேரி ஆட்டம்! முதலாளி, நீங்க இதெல்லாம் கேக்கிறனீங்களா?"

"ஹங்கேரி எண்டா?"

"ஐரோப்பாவுல ஒரு நாடு. கடலே இல்லாத நாடு."

கடல் இல்லாத நாட்டுக்காரன் கடற்கரையில் இருக்கிற என் வீட்டுக்குள் எப்படி வந்தான் என்று நான் யோசித்தேன். சேர் நிறுத்தவில்லை. டைல்ஸ் அடுக்கின் மேலேயே பேனையால் தட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

"வழிப்போக்கர் தங்கிற கடைகள்ல ஆடின ஆட்டம் இது. முதல்ல இழுவை, பிறகு வேகம். இந்த ரெண்டும்தான் இதுக்கு உயிர்."

"எங்கட கலியாணத்துல பொல்லுத் தட்டி ஆடுற பொல்லடியும் அப்பிடித்தான் சேர். மெதுவாத் தொடங்கி, முடியக்குள்ள ஆக்கள் வேர்த்து ஊத்தும்."

"இல்ல, இல்ல. பொல்லடியில வேகம் கூடிக்கொண்டே போகும். இது அப்பிடி இல்ல. ஓடிக்கொண்டிருக்கக்குள்ள திடீரெண்டு நிக்கும். எவ்வளவு நேரம் நிக்கும், எப்ப ஓடும் எண்டு கொப்பியில இல்ல. வாசிக்கிறவங்க மனசுதான்."

"சோகப் பாட்டா சேர்?"

"மைனர் சுருதி. மைனர் எண்டா அழுகை எண்டு பிள்ளைகள் சோதினையில எழுதுவாங்க, நான் புள்ளி போடுறல்ல. இது அழுகை இல்ல முதலாளி, வீம்பு. நீ என்னத்தையும் செய், நான் ஆடுறன் எண்ட வீம்பு. நடுவுல மேஜருக்கு மாறும், அப்ப கொஞ்சம் சிரிக்கும். பிறகு திரும்பவும் வீம்பு."

சோகம் என்று அவர் சொல்லியிருந்தாலே எனக்குப் பிடித்திருக்காது. என் வீட்டில் அவளுக்கு என்ன சோகம் என்று கேட்டிருப்பேன். வீம்பு என்றதும் அதைவிடப் பயமாக இருந்தது.

சேர் பேனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"இதில கேக்கிறது நாலு கை. ஒரு பியானோவில ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல இருந்து வாசிக்கிறது. ஒராள் மேல, ஒராள் கீழ. மேல உள்ளவர் இழுத்தா கீழ உள்ளவர் காத்திருக்கணும். கண்ணால பாக்க நேரமிருக்காது. மத்தாள்ற மூச்ச வெச்சுத்தான் புடிக்கிற. அப்பிடிப் புடிக்க நல்லாப் பழகியிருக்கணும்."

பிறகு ஒரு ரோஸ் நிற டைல்ஸை எடுத்து, "இது எப்பிடி?" என்று கேட்டார். நல்லது என்று சொல்லிவிட்டேன். அந்த நிறத்தை எவனும் பாத்ரூமுக்குப் போட மாட்டான்.

மற்றவருடைய மூச்சு. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்ல முடியாது. என் மனைவி மேசையில் கீழ்ப் பக்கத்து வாசிப்பைத்தான் தட்டுகிறாள் என்று அதற்குப் பிறகு எனக்கு விளங்கியது. அந்தத் தும், தும் அவளுடையது. அவள் காத்திருக்கிறவள். மேலே இருந்து இழுக்கிறவன் எவன்?

அவள் சிறுவயதில் பியானோ பழகியவள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவளுடைய வாப்பா, என் மாமா, தபால் கந்தோரில் வேலை செய்தவர், கொஞ்சம் வேறு மாதிரியான மனிதர். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் பிள்ளைகளைக் கன்னியாஸ்திரிகளிடம் அனுப்பிப் பியானோ பழக்கியிருக்கிறார். எங்களுக்குப் பொண்ணு பேசும்போது தையல் தெரியும், சமையல் தெரியும் என்றார்கள், இதைச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்து நாலைந்து வருடத்துக்குப் பிறகு, அந்த மடத்தைக் கடந்து போகும்போது அவளே சொன்னாள். நான் "ஓ" என்றேன். அந்தப் பக்கம் வாகன நெரிசல்.

மறுநாள் பகல் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டேன். "நீ பியானோ பழகின காலத்துல ஆரோட சேந்து வாசிச்ச?"

அவள் கையில் இருந்த அகப்பை நின்றது. "ஏன் கேக்கிறீங்க?"

"சும்மா."

"அது ஒராளோட" என்றாள். "இப்ப அந்தக் கதை என்னத்துக்கு? மீன் இன்னொரு துண்டு வெக்கட்டா?"

ஒராளோட! பெயர் சொல்ல வாய் வரவில்லை, பார்த்தீர்களா. மீன் துண்டு வைத்தாள், நான் சாப்பிட்டேன். அது பாரைக் குட்டியா சூரையா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அஸருக்கு நான் யன்னலுக்குப் போகவில்லை. நேரே வாசலால் போனேன். மேசையில் அவள், முன்னால் போன், போனுக்குள் அந்தத் தட்டு. நான் உள்ளே வந்ததை அவள் பார்த்தாள், நிறுத்தவில்லை. ஒருவேளை அவள் நிறுத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அறைக்குள் போனேன். இரண்டு சாரம், நாலு சேர்ட், குளிசை, சவர சாமான் எல்லாவற்றையும், டைல்ஸ் லொறி வருகிற இரவுகளில் கடையில் படுக்கக் கொண்டு போகிற பையில் போட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளையிடம் இருக்கிற கடைசி ஆயுதம் இதுதான். வீடு அவளுடையது என்பதால் அவளை வெளியே போ என்று சொல்ல முடியாது, தான்தான் போக வேண்டும். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பையோடு உம்மா வீட்டுக்குப் போனால் பொண்ணு வீட்டாருக்குப் பெரிய அவமானம். தெருவே கேட்கும். அவர்கள் சாப்பாடும் கொண்டு, பெரியாட்கள் இரண்டு பேரோடு வந்து சமாதானம் பேசி அழைத்துப் போக வேண்டும். கலியாணம் முடித்த புதிதில் நான் ஒருதரம் இப்படிப் போயிருக்கிறேன். மாமா தானே கார் பிடித்து, புரியாணிச் சஹன் தட்டோடு வந்தார். மாமா இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே.

பையோடு வாசலில் நின்று, "நான் போறன்" என்றேன்.

"ஓம்" என்றாள். கண் மேசையில். கைகள் அந்தரத்தில் காத்திருந்தன. நான் போனேன்.

சாய்ந்தமருதில் தங்கச்சி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் உம்மா கதிரையில் இருந்தபடியே, "என்ன மனே, பையோட?" என்றார். சும்மா என்றேன். தங்கச்சி, அண்ணன் என்றும் பாராமல், அதைவிட நேராகக் கேட்டாள்.

"காக்கா, எத்தின நாளைக்கி?"

நான் பிறந்த வீட்டில் என்னிடம் கேட்கிற கேள்வி. ஆனால் அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் வீடு. மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறாள். இருக்கிற ஒரு அறையில் புதுக் கட்டில், புது அலுமாரி எல்லாம் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் அடுக்கியிருந்தது. அதற்கு நடுவில் எனக்கு ஒரு பாய் விரித்தாள். வரப்போகிற மாப்பிள்ளைக்குக் கட்டில், வந்து நிற்கிற காக்காவுக்குப் பாய். அந்த முகம் தெரியாத மாப்பிள்ளை மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்பதை மறைப்பானேன்.

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது அடித்தது. பாய்ந்து எடுத்தேன். சங்கீத சேர்.

"முதலாளி, அந்த ரோஸ் நிறம் வீட்டுல வேணாமாம். மாத்தலாமா?"

மாற்றலாம் என்றேன். அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை. காலையில் கடைக்குப் போனேன். கடை வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்தேன். சீமெந்து கேட்டு வந்தார்கள், குழாய் கேட்டு வந்தார்கள். சமாதானம் பேச ஒருவரும் வரவில்லை. பகல் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டேன். "மதினி கோல் எடுக்கல்லயா?" என்று தங்கச்சி கேட்டாள். எடுப்பாள் என்றேன். வரட்டும், வந்தாலும் உடனே போகக்கூடாது, இரண்டு நாள் இழுக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். யாராவது வந்தால்தானே இழுக்க.

அஸர் ஆனது. இந்நேரம் மேசையில் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. இன்றைக்குக் கையும் மெய்யுமாகப் பிடிப்பது, போனைப் பறித்து, 'ஆரு நீ?' என்று கேட்பது என்று கிளம்பினேன். பை மோட்டார் சைக்கிளில் தொங்கியது.

வாசலில் பெண்கள் போடுகிற செருப்பு இரண்டு சோடி கிடந்தது. தட்டுகிற சத்தம் வெளியிலேயே கேட்டது, முன்பைவிடக் கனமாக. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன்.

மேசையில் என் மனைவியும் அவளுடைய ராத்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தோள் தோளில் முட்டியது. ராத்தா வலது பக்கம், இவள் இடது பக்கம். போனில் பாட்டு இல்லை. வெறும் மேசைப் பலகையில் நாலு கை. ராத்தாவின் விரல்கள் மேலே இழுத்துப் போயின, இவளுடைய கை கீழே தும் தும் என்று தாங்கிக்கொண்டு போனது. பிறகு அந்த நிற்கிற இடம் வந்தது. ராத்தா கையைத் தூக்கினாள். என் மனைவி அவளைப் பார்க்கவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். வாசலில் நின்ற நானும் மூச்சை விடாமல் நின்றேன். ராத்தா மூச்சை இழுத்தாள். இரண்டு பேரும் ஒரே அடியாக விழுந்து ஓடினார்கள். ஐம்பதை நெருங்கிய இரண்டு பெண்கள், மேசையில் இருந்த உப்புக் குப்பி துள்ள, சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

ராத்தாதான் என்னை முதலில் கண்டாள். கையை எடுத்து முக்காட்டை இழுத்துப் போட்டாள். எழும்பினாள். என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை, தங்கையிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போய்விட்டாள்.

"அந்த ஊட்டோட கதைக்கப்படாது எண்டு நான் செல்லல்லயா?" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்கு எழும்பவில்லை.

"கதைக்கல்லயே."

"அப்ப இது என்ன?"

"ஒரு சொல்லும் கதைக்கல்ல. நீங்க செல்லின நாளையில இருந்து ஒரு சொல்லும் கதைக்கல்ல." அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. வீட்டுக் கணக்குச் சொல்கிற குரல். "ராத்தா அங்கால மேசையில தட்டுவா, நான் இங்கால தட்டுவன். போன்ல பிந்திப் பிந்தி வருது, நிக்கிற இடம் புடிபடுதில்ல. அதான் இண்டைக்கி வந்தா. வந்தும் கதைக்கல்ல."

"அப்ப நான் கேட்டனே, ஆரோட வாசிச்ச எண்டு."

"அந்த ஊட்டுக் கதைய எடுக்கப்படாது எண்டும் நீங்கதானே செல்லின."

கட்டாரில் இருக்கிறவன் பாவம், தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான். எனக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆனது, கதிரையை இழுத்து உட்காருகிற நேரத்துக்கு மட்டும். உட்கார்ந்த பிறகு பழையபடி எரியத் தொடங்கியது. ஒரு ஆம்பிளை என்றால் சண்டைக்குப் போகலாம், போனைப் பறிக்கலாம், ஊரைக் கூட்டலாம். ராத்தாவை நான் என்ன செய்ய? நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை வருடக் கலியாணத்தில் அவள் எனக்குச் சோறு வைத்திருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், சொன்ன சொல் கேட்டிருக்கிறாள். என் மூச்சைக் கேட்டுக் காத்திருந்ததில்லை. அவளுடைய மூச்சு எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியாது. இன்றைக்கும் அந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தால் ராத்தா இருந்த கதிரையில் நான் உட்காருவதில்லை.

"சரி, இனிக் கதைக்கலாம்" என்றேன். பெரிய மனது பண்ணித்தான் சொன்னேன். அவள் துள்ளிக் குதிப்பாள், நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "கதைக்கிறதுக்கு அவ்வளவா ஒண்டுமில்ல."

குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். நான் முந்தின நாள் பையோடு வாசலில் நின்றது, அவள் ஓம் என்றது, தங்கச்சி வீட்டுப் பாய், அடிக்காத போன், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவளே அதைத் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நித்திரை இல்லாத களை தெரிந்திருக்க வேண்டும்.

"ராவைக்கி லொறி வந்ததா? கடையிலயா படுத்தீங்க?" என்று கேட்டாள்.

பகிடி பண்ணுகிறாளோ என்று நன்றாகப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.